வரவு வேறு, விற்பனை வேறு: பெங்களூரு கடைகளில் க்யூஆர் அட்டை இறங்கிய ஜூலை

2025 ஜூலையில் பெங்களூருவின் பல தெருக்களில் சின்னக் கடைகளின் முகப்பில் இருந்த க்யூஆர் அட்டைகள் காணாமல் போயின. அந்த இடத்தில் கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது: யுபிஐ இல்லை, காசு மட்டும். பத்து ரூபாய்க்குக்கூட போனை நீட்டிப் பழகிப்போன ஊர் இது. போன்பே போன்ற நிறுவனங்களின் தலைமையகம் இருக்கும் ஊரும் இதுதான். இங்கே அந்தத் தாள்கள் ஒட்டப்பட்டதை மென்பொருள் தொழிலில் இருக்கும் யாரும் சாதாரணச் செய்தியாகக் கடந்துபோகக் கூடாது.

நடந்தது இதுதான். கர்நாடக வணிக வரித் துறை, 2021-22 முதல் 2024-25 வரை நான்கு நிதியாண்டுகளில் வியாபாரிகளுக்கு யுபிஐ வழியாக வந்த தொகைகளின் விவரத்தைப் பணப் பரிமாற்ற நிறுவனங்களிடமிருந்து பெற்றது. ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாதவர்கள் என்று தெரிந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் போனது. டீக்கடை, பேக்கரி, காண்டிமென்ட்ஸ் (பெங்களூருவில் சின்னப் பலசரக்குக் கடைக்கு வழங்கும் பெயர்), காய்கறிக்கடை என்று எல்லா வகையும் அதில் இருந்தன. வியாபாரிகள் போராட்டம் அறிவித்தார்கள், ஜூலை 25 அன்று கடையடைப்பு என்றார்கள். மாநில அரசும் மத்திய அரசும் ஒருவரையொருவர் கை காட்டின. ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். பதிவு செய்துகொள்பவர்களிடம் பழைய நிலுவையை வசூலிப்பதில்லை, பால், காய்கறி, பழம், இறைச்சி போன்ற வரிவிலக்குப் பொருள் விற்பவர்களுக்குப் போன நோட்டீஸ்கள் கைவிடப்படும் என்று அறிவித்தார். கடையடைப்பு திரும்பப் பெறப்பட்டது.

சில்லறைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து விற்பது என் தொழில். அதனால் இந்தச் சம்பவத்தை அரசியல் சண்டையாகப் பார்ப்பதைவிட, ஒரு கணினி அமைப்பில் நடந்த கோளாறாகப் பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம். கையில் வந்த பணத்துக்கும் விற்ற சரக்குக்கும் நடுவே கணக்கு எழுதுவது என்று ஒரு படி உண்டு. பணம் வாங்குவதை இவ்வளவு எளிதாக்கிய நம் துறை அந்தப் படியைக் கட்டவே இல்லை. கடைக்காரர்கள் விழுந்தது அங்கேதான்.

ஹாவேரிக் கணக்கு

அந்த நாட்களில் அதிகம் பேசப்பட்டது கர்நாடகத்தின் ஹாவேரியைச் சேர்ந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு வந்த நோட்டீஸ். நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் பரிவர்த்தனை, அதற்கு ஏறத்தாழ 29 லட்சம் வரி என்று செய்திகள் சொல்லின. கேட்டவர்கள் எல்லோருக்கும் 1.63 கோடி என்ற எண்தான் மனதில் தங்கியது. காய்கறி விற்பவருக்கு ஒன்றரைக் கோடியா என்று ஒரு பக்கம் வியப்பு, இன்னொரு பக்கம் பொருமல்.

கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். 163 லட்சத்தை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 40.75 லட்சம். நாளுக்கு சுமார் 11,160 ரூபாய். சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். சராசரியாகப் பார்த்தால் அவர் அந்தக் கோட்டை ஒரு மயிரிழைதான் தாண்டியிருக்கிறார். அதோடு புதிய காய்கறிக்கு வரியே கிடையாது. வரிவிலக்குப் பொருளை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. 29ஐ 163ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வருகிறது. வந்த பணம் முழுவதும் விற்பனை, விற்றது முழுவதும் வரிக்குரிய சரக்கு என்று எடுத்துக்கொண்டால் கிடைக்கும் தொகை அது.

யுபிஐ பரிவர்த்தனை ஒன்றில் என்ன பதிவாகிறது? அனுப்பியவர் முகவரி, பெற்றவர் முகவரி, தொகை, நேரம், 12 இலக்கக் குறிப்பு எண். கடைக்கான க்யூஆர் என்றால் கூடவே நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு ஒன்று இருக்கும். மளிகைக்கு 5411. அந்தக் குறியீடு கடையைப் பற்றியது, விற்ற பொருளைப் பற்றியது அல்ல. வாங்கியது கொத்தமல்லிக் கட்டா, ஷாம்பூ பாக்கெட்டா என்று அந்தப் பதிவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2016இல் யுபிஐயை வடிவமைத்தவர்கள் பணம் உடனே சேர வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள், அதைப் பிரமாதமாகவே செய்தார்கள். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியிருக்கிறது. ஆனால் விற்பனைக் கணக்கு வைப்பது அதன் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

அல்சூர் பக்கத்துக் கடை ஒன்று

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு கடையைக் கையில் எடுத்துக்கொள்வோம். பெங்களூருவின் அல்சூர் பகுதியில் ஒரு காண்டிமென்ட்ஸ். நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதிலேயே வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கன்னடம் சரளமாகப் பேசுவார், தமிழ் படிப்பார், ஆங்கிலக் காகிதம் வந்தால் மகனை எதிர்பார்ப்பார். அவருடைய அடையாளம் தெரியக் கூடாது என்பதால் தொகைகளை முழு லட்சங்களாக மாற்றியிருக்கிறேன், விகிதங்கள் அப்படியே இருக்கின்றன.

அவருக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. பக்கத்துக் கடையில் க்யூஆர் அட்டையைக் கழற்றியதும் இவரும் கழற்றிவிட்டார்.

"நாளைக்கு வந்துட்டா என்ன பண்றது தம்பி? இன்னிக்கே நிறுத்திட்டா நல்லதுதானே?"

"அண்ணாச்சி, அட்டையை எடுத்தாலும் நாலு வருசக் கணக்கு அங்கே அப்படியேதான் இருக்கு. காசா வாங்கினாலும் அது வியாபாரம்தான், வரம்புல சேரும்."

இதை அவர் முதலில் நம்பவில்லை. யுபிஐக்குத்தான் வரி, காசுக்கு இல்லை என்றே அந்தத் தெருவில் பலரும் நினைத்திருந்தார்கள். இந்தத் தவறான எண்ணத்தால் உடனடி நஷ்டமும் வந்தது. அவர் க்யூஆர் செயலி வழியாக ஒரு கடன் வாங்கியிருந்தார். தினசரி வரவிலிருந்து தானாகவே தவணை பிடித்துக்கொள்ளும் கடன். அட்டையைக் கழற்றியதும் வரவு நின்றது, தவணை தவறியது, வசூல் அழைப்புகள் ஆரம்பித்தன. காலை நேர வாடிக்கையாளர்களில் பாதிப் பேரிடம் சில்லறை இல்லை, அவர்கள் நாலு கடை தள்ளிப் போனார்கள்.

சரி, கணக்கைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். செயலியிலிருந்து 2024-25க்கான அறிக்கையை இறக்கினால் லட்சம் பரிவர்த்தனைகளுக்கு மேல் இருந்தன. மொத்த வரவு 54 லட்சம். முதலில் தொகை வாரியாக அடுக்கினோம். அந்தக் கடையில் ஒரு ஆள் ஒரு தடவையில் வாங்கும் சாமான் 400 ரூபாயைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் 500, 1,000, 2,000 என்று முழுத் தொகையாக நூற்றுக்கணக்கான வரவுகள் இருந்தன, பெரும்பாலும் இரவில். அண்ணாச்சிக்கு உடனே நினைவு வந்தது. ஏடிஎம் தூரம் என்பதால் தெருவில் இருப்பவர்கள் போனில் அனுப்பிவிட்டு நோட்டாக வாங்கிப் போவார்கள். உதவிக்காகச் செய்வது, அதில் அவருக்கு ஒரு பைசா வரவில்லை. அப்படி 6 லட்சம். ஒவ்வொரு மாதமும் அதே தேதிகளில், அதே ஆட்களிடமிருந்து, அதே தொகை வந்தது இன்னொரு கூட்டம். அது சீட்டு, 3 லட்சம். மகன் அனுப்பியது, தன்னுடைய இன்னொரு கணக்கிலிருந்து மாற்றிக்கொண்டது எல்லாம் சேர்த்து இன்னொரு 3 லட்சம். ஆக 12 லட்சம் வியாபாரமே இல்லை. மிச்சம் 42 லட்சம்.

இதோடு நிறுத்தினால் அவருக்குச் சாதகமான பாதி உண்மை மட்டும் சொன்னதாகும். காசாக விற்றது எவ்வளவு? கொள்முதல் பில்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டதில் ஏறத்தாழ 8 லட்சம். ஆக விற்பனை 50 லட்சம். வரம்புக்கான மொத்த விற்றுமுதலில் வரிவிலக்குப் பொருளும் சேரும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். வரிவிலக்குப் பொருள் மட்டும் விற்றால்தான் பதிவு தேவையில்லை. பாலோடு ஒரு சோப்பு விற்றாலும் இரண்டையும் கூட்டித்தான் 40 லட்சத்தைப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி பதிவு செய்தே ஆக வேண்டிய வியாபாரி.

ஆனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது வேறு கேள்வி. 1.5 கோடி வரை விற்கும் சிறு வியாபாரிகளுக்கு காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. சரக்கு விற்பவர் வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். 50 லட்சத்தில் பால் மட்டும் 15 லட்சம். அதைக் கழித்தால் 35 லட்சம், வரி ஆண்டுக்கு 35,000 ரூபாய். ஹாவேரியில் போட்டது போல வரவு முழுவதற்கும் 18 சதவீதம் போட்டிருந்தால் 9.72 லட்சம். அவருடைய லாபம் விற்பனையில் 7 சதவீதம், ஆண்டுக்கு மூன்றரை லட்சம். அதாவது இரண்டரை ஆண்டுக்கும் மேலான முழு வருமானம், ஒரே ஒரு ஆண்டின் கணக்குக்காக.

இந்த 35,000 லேசான தொகை என்றும் நான் சொல்லமாட்டேன். காம்போசிஷனில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கவும் வழியில்லை. ஆக அது அவர் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்டி ஒரு படிவம், ஆண்டுக்கு ஒரு படிவம், அதற்கு ஆடிட்டர் கட்டணம். இருந்தாலும் இது ஒரு கடை தாங்கக்கூடிய தொகை. 9.72 லட்சத்தை அந்தக் கடை தாங்காது.

இதே கடை வாசலில் ஒரு டீ அடுப்பு வைத்திருந்தால் கணக்கு முழுவதும் மாறியிருக்கும். டீ போட்டுக் கொடுப்பது உணவகச் சேவை. சேவையும் சேர்ந்துவிட்டால் பதிவு வரம்பு 20 லட்சம், நாளுக்கு சுமார் 5,480 ரூபாய். பெங்களூருவில் பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருக்கும் சுமாரான டீக்கடை இதைச் சுலபமாகத் தாண்டும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

யாருக்கு முன்பே தெரியும்?

வரித் துறையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பல கோடி விற்றுவிட்டுப் பதிவே இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. ஒழுங்காகப் பதிவு செய்து 1 சதவீதம் கட்டும் கடைக்காரர், கட்டாத பக்கத்துக் கடையோடு போட்டி போடுவது அநியாயம். தகவல் கேட்டு வாங்கும் அதிகாரத்தை ஜிஎஸ்டி சட்டம் தருகிறது. அதையும் நான் குறை சொல்லவில்லை.

என் மறுப்பு காலத்தைப் பற்றியது. வரம்பைத் தாண்டிய விஷயம் தாண்டிய மாதத்திலேயே தெரிந்தால், பதிவு செய்துகொள்ளச் சொல்லும் ஒரு தகவலோடு முடிந்துவிடும். நான்கு ஆண்டு கழித்துத் தெரிவித்தால் அதுவே வரி, வட்டி, அபராதம் என்று வளர்ந்து நிற்கும். பதிவு செய்யாமல் கழிந்த ஆண்டுகளுக்கு காம்போசிஷன் சலுகையும் கிடையாது. ஒரு சர்வரில் இடம் 80 சதவீதம் நிரம்பியதும் நமக்கு அலர்ட் வர வேண்டும் என்று எழுதி வைக்கிறோம். முழுக்க நிரம்பி, நின்று, நான்கு வருடம் ஆன பிறகு தகவல் சொல்லும் மென்பொருளை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். கடைக்காரருக்கு மட்டும் ஏன் அது போதும் என்று விட்டோம்?

அந்த அலர்ட்டை முதலில் தந்திருக்கக்கூடியவை பணப் பரிமாற்றச் செயலிகள்தான். எண் அவர்களிடம் ஒவ்வொரு நொடியும் இருக்கிறது. "இந்த நிதியாண்டில் இதுவரை உங்களுக்கு வந்தது 32 லட்சம். சரக்கு விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி வரம்பு 40 லட்சம். இதில் விற்பனை அல்லாத வரவு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்." கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் இந்த மூன்று வாக்கியத்தைக் காட்ட ஒரு சின்ன அணிக்கு இரண்டு வார வேலை. ஏன் செய்யவில்லை என்றால் அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது. பணம் கைமாறுவதில் பெரிய வருமானம் இல்லை. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் கருவியின் வாடகை, கடன் விற்பனை ஆகியவற்றில்தான் கொஞ்சம் கிடைக்கிறது. அப்படிப்பட்ட நிறுவனத்தில் ஒவ்வொரு அணியின் இலக்கும் பரிவர்த்தனை எண்ணிக்கையைக் கூட்டுவது, கடன் பெறுபவர் எண்ணிக்கையைக் கூட்டுவது. கடைக்காரரைப் பயமுறுத்தக்கூடிய ஒரு எண்ணை முகப்பில் காட்ட யாருக்கும் மனம் வராது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் டிஜிட்டல் வரவு உங்களுக்கு நன்மை செய்யும், அதைக் காட்டி வங்கிக்கடன் வாங்கலாம் என்று சொல்லித்தான் அந்த அட்டையை ஒட்டச் சொன்னோம். அவர்களும் நம்பி ஒட்டினார்கள். கடன் தருவதற்கு அந்தத் தகவலை நொடியில் அலசத் தெரிந்த நம் துறைக்கு, அதே தகவலை அதன் சொந்தக்காரருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லத் தெரியாமல் போனது எப்படி?

பழைய நிலுவையை விட்டுவிட்டது நல்ல முடிவு. ஆனால் அது அந்த ஜூலைக்கு மட்டும் போட்ட கட்டு. வரவையும் விற்பனையையும் பிரிக்கும் படி இன்னமும் இல்லை. கடைக்காரர்கள் சிலர் இப்போது மனைவி எண், தம்பி எண் என்று வரவைப் பிரித்து வாங்குகிறார்கள். வரம்பு பான் எண்ணைப் பொறுத்தது, கைபேசி எண்ணைப் பொறுத்தது அல்ல. ஒரே கடையின் வியாபாரம் மூன்று பேர் கணக்கில் சிதறிக் கிடந்தால், நாளை விளக்கம் சொல்ல வேண்டியவர்களும் மூன்று பேர் ஆவார்கள்.

இந்த வேலைக்கு ஆள் வேண்டும்

சித்தராமையா அறிவிப்பு வந்த அதே வாரக் கடைசியில் இன்னொரு செய்தியும் வந்தது. மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் இடைநிலை, மூத்த பதவிகள். தமிழ் நண்பர்கள் குழுக்களில் இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வந்தன. யாரும் இரண்டையும் சேர்த்துப் பேசவில்லை. எனக்கு அவை ஒட்டியே தெரிந்தன.

பில் போடும் ஒரு திரையை இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு மதியத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அந்த வேலைக்காக ஆண்டுக்கணக்கில் அனுபவம் சேர்த்தவர்களின் பயம் நியாயமானது. ஆனால் அண்ணாச்சி கடையில் இரவு நேரத்து 2,000 ரூபாய் வரவு விற்பனை அல்ல என்பது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் தெரியும். ஒரே பெட்டியில் வந்து இறங்கும் பால் பாக்கெட்டுக்கு வரி இல்லை, தயிர் பாக்கெட்டுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் என்பது சட்டத்தில் இருக்கிறது. அதைக் கடைக்காரர் காலை ஆறு மணி நெரிசலில் தட்டக்கூடிய ஒரே பொத்தானாக மாற்றுவது எப்படி என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வேலை தேடும் இளைஞர்களும், பெரிய நிறுவனத்திலிருந்து வெளியே வந்த மூத்தவர்களும் ஆலோசனை கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன். பத்து வருடம் வங்கித் திட்டங்களில் வேலை பார்த்த ஒருவருக்கு கணக்கு ஒத்துப்பார்ப்பது, விதிவிலக்குகளைக் கையாள்வது எல்லாம் கைவந்த கலை. அந்த அறிவை லண்டன் வங்கிக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. சம்பளம் ஆரம்பத்தில் குறைவாக இருக்கும், இதை மறைத்துப் பேசுவது தப்பு. ஆனால் சிவாஜிநகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் தீர்க்கப்படாத கணக்கு மலையாகக் கிடக்கிறது. அதைத் தீர்க்கும் பொருளுக்கு மாதம் இருநூறு ரூபாய் தரத் தயாராக இருக்கும் கடைகளை நான் பார்க்கிறேன்.

அண்ணாச்சி பதிவு செய்துகொண்டு காம்போசிஷனில் சேர்ந்துவிட்டார். அட்டை மறுபடி முகப்பில் இருக்கிறது. சீட்டுப் பணத்துக்குத் தனிக் கணக்கு திறந்துவிட்டார். இரவில் நோட்டு கேட்டு வருபவர்களை அந்தக் கணக்குக்கே அனுப்பச் சொல்கிறார். பால், தயிர் பிரிப்பு மட்டும் இன்னும் நோட்டுப் புத்தகத்தில் கையால்தான் நடக்கிறது, மகன் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போடுகிறார். எங்கள் பில்லிங் மென்பொருளின் அடுத்த பதிப்பில் அந்த வேலையைச் சேர்க்கிறோம். அதற்கு இரண்டு பேரை எடுக்க இருக்கிறேன். நேர்காணலில் கேட்கப்போகும் முதல் கேள்வி: 50 லட்சம் விற்கும் கடையில் 15 லட்சம் பால் என்றால், பதிவு வரம்புக்கு எதைக் கூட்டுவீர்கள், வரிக்கு எதைக் கழிப்பீர்கள், இதைக் கடைக்காரரிடம் ஆங்கிலம் கலக்காமல் எப்படி விளக்குவீர்கள்?